வில்லங்கம் இல்லாத மனை

'மியா' என்ற பெயரில் பாடுகிற மாதங்கி அருள்பிரகாசம் 2007ல் 'கலா' என்றொரு இசைத்தொகுப்பு வெளியிட்டார். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிறுவயதைக் கழித்து, மறுபடி லண்டனுக்கே அகதியாகப் போய்ச் சேர்ந்தவர். அந்தத் தொகுப்பின் ஒரு பாட்டில் சில பையன்கள் பாடுகிறார்கள். சரியாகச் சொன்னால் பாட்டு அந்தப் பையன்களுடையது. அவர் அதை எடுத்து அதன்மேல் தன் குரலைப் போட்டிருக்கிறார். ஐந்து வருஷம் முன்னால், 2002ல், ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் கிடக்கிற வில்கானியா என்ற ஊரின் பொடியன்கள் 'வில்கானியா மாப்' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டு பாடியது. ஆற்றுக்குப் போவது, பாலத்திலிருந்து குதிப்பது, மீன் பிடிப்பது. வேறொன்றும் இல்லை அதில்.

பாட்டு லண்டன் வரைக்கும் போனது. ஊர் அங்கேயேதான் இருக்கிறது. அந்த ஊரில் ஒரு வீடு என்ன விலை, அந்த விலை எப்படி உண்டானது, அந்த விலைக்கும் அங்கே மனிதர்கள் இருக்கிற இருப்புக்கும் என்ன சம்பந்தம் என்பதைத்தான் இங்கே பேசப் பார்க்கிறேன்.

வில்கானியா நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்கே, டார்லிங் ஆற்றங்கரையில் இருக்கிறது. சிட்னியிலிருந்து ஏறக்குறைய 950 கிலோமீட்டர். பக்கத்துப் பெரிய ஊர் புரோக்கன் ஹில். அதுவே 200 கிலோமீட்டர் தள்ளி. ஜனத்தொகை எழுநூறு சொச்சம். பெரும்பான்மையோர் பூர்வகுடிகள், அதிலும் முக்கியமாக பார்க்கிஞ்சி மக்கள். 1829ல் ஒரு வெள்ளைக்காரர் ஆற்றைக் 'கண்டுபிடித்து' அப்போதைய கவர்னர் டார்லிங்கின் பெயரை அதற்கு வைத்தார். அதற்கு முன்பும் பின்பும் அதன் பெயர் பாக்கா. பார்க்கிஞ்சி என்றால் பாக்காவைச் சேர்ந்தவர்கள். ஆற்றின் பெயர்தான் ஜனத்தின் பெயர்.

இனி விஷயம். சிட்னியில் வீட்டு விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. நகர மையத்தில் ஒரு காரை நிறுத்திவைக்கிற இடத்துக்குக் கேட்கிற காசுக்கு வில்கானியாவில் வீடே கிடைக்கும். அதே வில்கானியாவில் ஒரு வீட்டுக்குள் இரண்டு குடும்பம், மூன்று குடும்பம் என்று நெருக்கியடித்துக் கிடக்கிறார்கள். வீடும் மலிவு, வீடு இல்லாதவர்களும் நிறைய. சந்தையின் விதியைப் பாடமாகப் படித்தவர் யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறத்தான் வேண்டும். தேவை அதிகம், விலை குறைவு. அப்புறம் ஏன்யா வாங்கமாட்டேன் என்கிறார்கள்?

இதற்கு இரண்டு தயார்நிலை பதில்கள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, 'அவர்கள் கலாச்சாரம் அப்படி, கூட்டமாகத்தான் இருப்பார்கள்'. இதற்குப் பதில் சொல்வது நேரவிரயம். விரும்பிச் சேர்ந்து இருப்பதற்கும் வேறு போக்கிடம் இல்லாமல் சேர்ந்து கிடப்பதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களா இதைச் சொல்கிறார்கள்? இரண்டாவது பதில் கொஞ்சம் நாகரிகமானது. ஏழைகளிடம் சொத்து இருக்கிறது, ஆனால் சட்டபூர்வமான தனிநபர் பத்திரம் இல்லை. பத்திரத்தைக் கொடுத்துவிட்டால் செத்த சொத்து மூலதனமாக உயிர் பெற்றுவிடும் என்பது. பெரு நாட்டுப் பொருளாதாரவாதி ஹெர்னாண்டோ டி சோட்டோ 2000ல் இதை ஒரு புத்தகமாகவே எழுதினார். உலக நிதி நிறுவனங்களுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஆஸ்திரேலியாவிலும் இதே ராகத்தைப் பாடினார்கள். பூர்வகுடிகளின் பொதுநிலம்தான் அவர்கள் வறுமைக்குக் காரணம் என்று சொல்லி, 2006ல் வடக்குப் பிரதேசத்தின் நிலவுரிமைச் சட்டத்தைத் திருத்தி 99 வருஷக் குத்தகையைக் கொண்டுவந்தார்கள்.

வில்கானியாவை நான் எடுத்துக்கொண்டதே இந்த இரண்டாவது பதிலுக்காகத்தான். உலகத்திலேயே மிகச் சுத்தமானது என்று பெயரெடுத்த நிலப்பத்திரம் அந்த ஊரில் முதல் மனையிலிருந்தே இருந்துவந்திருக்கிறது. பத்திரம் மூலதனம் ஆகவில்லை.

*

நிலம் வாங்குகிறவர் நம்மூரில் முதலில் கேட்பது மூலப்பத்திரம். அப்புறம் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். யாரிடமிருந்து யாருக்கு வந்தது, நடுவில் அடமானம் உண்டா, பங்காளி தகராறு உண்டா? பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இங்கிலாந்திலும் ஏறக்குறைய இதே கதைதான். பத்திரக் கட்டைப் பிரித்துப் பிரித்து வக்கீல்கள் சம்பாதித்தார்கள்.

இந்தத் தொல்லையை ஒழித்துக் கட்டியவர் ராபர்ட் டாரன்ஸ். அடிலெய்டு துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்தவர். 1858ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் அவர் கொண்டுவந்த சட்டத்தின் சாரம் இதுதான்: அரசாங்கப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உடைமையாளர். மோசடி போன்ற சில விலக்குகள் தவிர, பின்னால் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. கப்பல்களுக்குப் பதிவேடு வைக்கிற முறையைப் பார்த்து இந்த யோசனை வந்தது என்பார்கள். கப்பல் ஒரு பட்டறையில் ஒரு நாளில் பிறக்கிறது, அதற்கு முன்னால் அது கிடையாது. நிலத்தையும் அப்படியே பாவிப்பது என்று முடிவாயிற்று. இந்த முறைக்கு விளக்கம் எழுதிய சட்ட அறிஞர்கள் பயன்படுத்துகிற இரண்டு உருவகங்கள் கவனிக்கத் தக்கவை. பதிவேடு ஒரு கண்ணாடி. இருக்கிற உரிமைகளை அப்படியே காட்டும். பதிவேடு ஒரு திரை. அதற்குப் பின்னால் என்ன நடந்தது என்று யாரும் விலக்கிப் பார்க்க வேண்டாம். கண்ணாடியும் திரையும் ஒன்றாகவே இருக்கிற வஸ்துவை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

நியூ சவுத் வேல்ஸில் இந்தச் சட்டம் 1863 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அன்று முதல் அரசு புதிதாக விற்கிற ஒவ்வொரு மனையும் தானாகவே டாரன்ஸ் பதிவேட்டுக்குள் வந்துவிடும். வில்கானியா ஊராக அறிவிக்கப்பட்டது 1866ல். ஆக அந்த ஊரின் முதல் மனை முதற்கொண்டு எல்லாமே திரை போட்ட மனைகள்தாம். வில்லங்கம் என்று எதுவும் எழும்ப வழியே கிடையாது. மூலப்பத்திரம் என்று ஒன்று உண்டென்றால் அது ராணி கொடுத்தது. ராணிக்கு யார் கொடுத்தார்கள் என்கிற கேள்வி திரைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது.

திரைக்குப் பின்னால் என்ன இருந்தது? 1835ல் சர்வேயர் ஜெனரல் தாமஸ் மிட்செல் தன் பரிவாரத்தோடு இந்த ஆற்றை ஒட்டியே தெற்கே போனார். அந்த வருஷம் ஜூலையில், இன்றைய மெனிண்டிக்குப் பக்கத்தில், அவருடைய ஆட்கள் பூர்வகுடிகளைச் சுட்டார்கள், சிலர் செத்தார்கள். நில அளவை செய்ய வந்தவர்கள் அவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. சங்கிலியும் துப்பாக்கியும் ஒரே வண்டியில்தான் வந்தன. அப்புறம் 1850களில் ஆட்டுப் பண்ணைக்காரர்கள் வந்தார்கள். ஆற்றங்கரையைத் துண்டு துண்டாகக் குத்தகை எடுத்தார்கள். 1859ல் கேப்டன் கடெல் நீராவிப் படகை மவுண்ட் மர்ச்சிசன் பண்ணை வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து காட்டினார். கம்பளி ஏற்ற வழி பிறந்துவிட்டது. பண்ணை நிலத்தில் ஒரு பகுதியை வெட்டித்தான் ஊர் வரைந்தார்கள்.

இதையெல்லாம் ஏதோ தூரதேசத்து விவகாரமாக நாம் படித்துவிட்டுப் போக முடியாது. ஈழத்தில் காணியைப் பறிகொடுத்துவிட்டு சிட்னிக்கோ மெல்பர்னுக்கோ போய் இருபத்தைந்து வருஷக் கடனில் வீடு வாங்கிய நம்மவர்களின் பெயரும் இந்த வகைப் பதிவேட்டில்தான் ஏறியிருக்கிறது. இலங்கையில் 'பிம் சவிய' என்று நடத்துகிறார்களே, 1998ஆம் வருஷத்து 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம், அதுவும் டாரன்ஸ் வம்சம்தான். யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்கள் திரும்பி வருகிற ஒரு நாட்டில், எந்தத் தேதியில் திரை விழுகிறது என்பது சின்ன விஷயமா?

*

ஊர் ஒரு காலத்தில் கொழித்தது உண்மை. 1880களில் கம்பளி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு படகுகள் வரிசை கட்டி நின்றன. 'மேற்கின் ராணி நகரம்' என்று பட்டம். மூவாயிரம் ஜனம், பதின்மூன்று மதுக்கடைகள் என்று உள்ளூர் வரலாறுகள் எல்லாமே தவறாமல் சொல்கின்றன (மதுக்கடைக் கணக்கை மட்டும் எந்த ஊர் வரலாறும் மறப்பதில்லை). மணற்கல்லில் நீதிமன்றம், சிறைச்சாலை, தபால் நிலையம், கிட்டங்கிகள். 1896ல் படகு வந்தால் நடுப்பகுதி மேலே தூக்கிக்கொள்கிற பாலம். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் கடைசி மகன் எட்வர்ட் டிக்கன்ஸ்கூட இங்கேதான் இருந்தார். 1868ல் பதினாறு வயசுப் பையனை அப்பா கப்பலேற்றி அனுப்பிவிட்டார். வில்கானியாவுக்குப் பக்கத்து மோம்பா பண்ணையில் வேலை பார்த்து, கால்நடை, நிலத் தரகு பார்த்து, 1889 முதல் 1894 வரை வில்கானியா தொகுதியின் சட்டசபை உறுப்பினராகவும் இருந்து, 1902ல் மோரீ என்ற ஊரில் கடனாளியாகச் செத்தார். அவர் வாழ்க்கையும் ஊரின் நிலச்சந்தையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஏறி ஒரே வேகத்தில் இறங்கியிருக்கின்றன.

இறங்கின கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். சிட்னியிலிருந்து ரயில் 1885ல் பர்க் வரை வந்தது. அடிலெய்டு பக்கத்திலிருந்து 1888ல் புரோக்கன் ஹில்லுக்கு வந்தது. வில்கானியாவுக்கு வரவே இல்லை. கடைசியில் 1927ல் சிட்னியையும் புரோக்கன் ஹில்லையும் இணைத்தபோதும் தண்டவாளம் மெனிண்டி வழியாகப் போயிற்று. நடுவில் 1890களின் பொருளாதார வீழ்ச்சி, முயல் பெருக்கம், நூற்றாண்டின் திருப்பத்தில் வந்த நெடும் வறட்சி. மேற்குப் பிரிவின் ஆட்டுத்தொகை பத்தாண்டுக்குள் பாதிக்கும் கீழே போனது. நிலம் தாங்காத அளவுக்கு ஆடுகளை விட்டு மண்ணைத் தின்றுவிட்டார்கள், அவ்வளவுதான். விசாரணைக் கமிஷன் போட்டார்கள். 1901ல் மேற்கு நிலங்கள் சட்டம் வந்தது. நொடித்துப்போன பண்ணைக்காரர்களைத் தாங்கிப் பிடிக்க நீண்டகாலக் குத்தகை. பிற்பாடு அதுவே நிரந்தரக் குத்தகையாயிற்று.

இந்த நிரந்தரக் குத்தகை பின்னால் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். 1992ல் மாபோ தீர்ப்பு வந்தது. ஆஸ்திரேலியா யாருமற்ற நிலம் என்கிற சட்டப் புனைவை உயர்நீதிமன்றம் கைவிட்டது. 1996ல் விக் தீர்ப்பு வந்தது. மேய்ச்சல் குத்தகை இருக்கிற இடத்திலும் பூர்வகுடி உரிமை பிழைத்திருக்கக்கூடும் என்றது. பண்ணைக்காரர்கள் அலறினார்கள். ஆனால் 2002ல் வில்சன் எதிர் ஆண்டர்சன் வழக்கில் அதே உயர்நீதிமன்றம் சொன்னது: நியூ சவுத் வேல்ஸின் மேற்கு நிலங்கள் சட்டப்படியான நிரந்தரக் குத்தகை பூர்வகுடி உரிமையை அழித்துவிடுகிறது. பெயர் குத்தகை, ஆனால் இன்னொருவருடைய ஆயிரமாயிரம் வருஷத்து உரிமையைக் கொல்லுகிற அளவுக்கு உடைமை. வறட்சியில் நொடித்துப்போன ஆட்டுக்காரனைக் காப்பாற்ற எழுதின காகிதம் நூறு வருஷம் கழித்து பார்க்கிஞ்சிகளின் கழுத்தில் வந்து விழுந்தது.

1997ல் பார்க்கிஞ்சிகள் தொடுத்த வழக்கு 2015 ஜூனில் முடிந்தது. சுமார் 1,28,000 சதுர கிலோமீட்டர். அந்த மாநிலத்தின் மிகப்பெரிய பூர்வகுடி உரிமை அங்கீகாரம் என்று பத்திரிகைகள் எழுதின. தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000. வரைபடத்தில் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். ஆனால் அந்தப் பரப்புக்குள் நிரந்தரக் குத்தகை எங்கெல்லாம் விழுந்திருக்கிறதோ, டாரன்ஸ் மனை எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் ஓட்டை. வில்கானியாவின் தெருக்களில் விற்பனைக்கு நிற்கிற பழைய வீடுகள் இந்த அங்கீகாரத்துக்கு வெளியே நிற்கின்றன. பதினெட்டு வருஷம் வழக்காடிக் காத்திருந்து எத்தனையோ பெரியவர்கள் நடுவிலேயே போய்ச் சேர்ந்தார்கள்.

*

ஆட்டுப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் யார்? ரோமம் கத்தரித்தது, வேலி போட்டது, குதிரை பழக்கியது, வீட்டுவேலை பார்த்தது எல்லாவற்றிலும் பார்க்கிஞ்சி கைகள் இருந்தன. 1957ல் ஜெரமி பெக்கெட் என்ற மானுடவியல் மாணவர் வில்கானியாவுக்கு வந்து ஜார்ஜ் டட்டன் என்கிற முதியவரிடம் உட்கார்ந்து கதை கேட்டார். டட்டன் வாழ்நாள் முழுக்க மாடு ஓட்டியவர், சடங்குகள் தெரிந்தவர், அந்தப் பிரதேசம் முழுவதும் அவர் மனசுக்குள் பாதைகளாக இருந்தது. பதிவேட்டில் இல்லாத ஒரு நில அறிவு. அவர் அப்போது இருந்த ஊரில் அவருடைய ஜனங்கள் மனைகளில் இல்லை, ஊர்த்திட்டத்துக்கு வெளியே ஆற்றங்கரையில் தகரமும் சாக்கும் வைத்துக் கட்டின குடிசைகளில் இருந்தார்கள். 1950களிலிருந்து ஆற்றின் எதிர்க்கரையில் 'மிஷன்' எழும்பியது. பாதிரியார் இல்லாத இடத்துக்கும் அந்த மாநிலத்தில் மிஷன் என்றுதான் பெயர். அரசு ஒதுக்கின நிலத்தில் அரசு கட்டிக்கொடுத்த சின்ன வீடுகள். ஊருக்கு வரவேண்டுமானால் பாலத்தைத் தாண்டி வர வேண்டும். சேரியும் ஊரும் என்று நாம் சொன்னால் வாசகருக்கு விளங்கிவிடும்; ஆனால் அப்படிச் சட்டென்று விளங்கிவிடுவதில் ஒரு ஆபத்தும் உண்டு. அங்கே பிரித்தது சாதி அல்ல. ஒரு ஜனத்தை நிலத்திலிருந்து கழற்றி, நலவாரியத்தின் கோப்புக்குள் வைத்த ஒரு அரசாங்கம்.

1883ல் ஏற்பட்ட பூர்வகுடிப் பாதுகாப்பு வாரியத்துக்கு 1909ல் சட்ட பலம் கிடைத்தது. குடும்பங்களை எங்கே வேண்டுமானாலும் ஏற்றி இறக்கியது. குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு போனது. 1933ல் கரோவ்ரா டாங்க் என்ற இடத்திலிருந்து ஒரு ஜனத்தையே கிளப்பி மெனிண்டியில் கொண்டுவந்து போட்டார்கள். 1949ல் அந்த மெனிண்டி முகாமையும் மூடி, அங்கிருந்தவர்களை இன்னொரு பக்கம் அனுப்பினார்கள். போக மறுத்தவர்கள் பலர் வில்கானியாவின் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். ஆக வெள்ளையர்கள் வியாபாரம் படுத்து ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில், பார்க்கிஞ்சிகள் தங்கள் ஆற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சந்தைக் கண்ணுக்கு இது 'சரிந்துகொண்டிருக்கிற ஊர்'. வேறொரு கண்ணுக்கு இது ஜனம் திரும்பி வந்த ஊர். விலை முதல் கணக்கைத்தான் வாசிக்கிறது.

1983ல் மாநில அரசு நிலவுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. பழைய ஒதுக்கு நிலங்கள் உள்ளூர் பூர்வகுடி நிலக் கவுன்சில்களுக்கு வந்தன. போராடிப் பெற்றது, மறுப்பதற்கில்லை. ஆனால் நிலத்தோடு சேர்ந்து வந்தது என்ன? மூன்று பத்தாண்டு பழசான வீடுகளும் அவற்றின் ஒழுகுகிற கூரைகளும். வாடகை வாங்கினால் அது பழுது பார்க்கக் காணாது. வாடகையை ஏற்றினால் கொடுக்க ஆளிடம் காசு இல்லை. குழாய் ரிப்பேர் பண்ணுகிறவர் புரோக்கன் ஹில்லிலிருந்து 200 கிலோமீட்டர் வர வேண்டும். அவர் வந்து இறங்குகிற செலவே ஒரு செலவு. கோடையில் 45 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் சுவரில் விரிசல் விட்ட வீடு என்பது வெறும் அசௌகரியம் அல்ல, நோய்.

இப்போது சந்தை விதியின் தடுமாற்றத்துக்கு வரலாம். வில்கானியாவில் புதிதாக ஒரு வீடு கட்ட சிட்னியைவிட அதிகம் செலவாகும். சாமானும் ஆளும் தொலைவிலிருந்து வர வேண்டுமே. கட்டி முடித்த பிறகு அதை விற்றால் போட்டதில் ஒரு சிறு பங்குதான் திரும்பி வரும். ஆகவே எந்த முதலாளியும் கட்டமாட்டான். விற்றால் தேறாத வீட்டின் பேரில் வங்கி கடன் கொடுக்காது, கொடுத்தாலும் பெரும் தொகையை முன்பணமாகக் கேட்கும். நிரந்தர வேலை இல்லாதவரிடம் முன்பணம் எங்கே இருக்கும்? கல்லில் கட்டிய பழைய வீடு மலிவாகத்தான் நிற்கிறது. அதை வசிக்கத் தக்கதாக ஆக்க வாங்கின விலையைப்போல இன்னொரு மடங்கு வேண்டும். பத்திரமோ பரிசுத்தமான பத்திரம். டி சோட்டோ சொன்ன மந்திரம் இங்கே பலிக்காமல் போனதற்குக் காரணம் காகிதம் இல்லாமை அல்ல. காகிதத்துக்கு மதிப்பைத் தருவது அதற்கு வெளியே இருக்கிற துறைமுகம், ரயில், வேலை, கடன். அவை போய்விட்டால் அது வெறும் பதிவு எண். பட்டா கேட்டுப் போராடுகிறவர்களிடம் போய் பட்டா வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பட்டா வெளியேற்றத்திலிருந்து காக்கும். அது பெரிய விஷயம். வீடு கட்டிக் கொடுக்காது.

அப்படியானால் வில்கானியாவில் நல்ல வீடுகளே கிடையாதா? உண்டு. ஆசிரியருக்கு, போலீஸ்காரருக்கு, நர்சுக்கு அரசாங்கம் வீடு வைத்திருக்கிறது. ஒப்பந்தம் முடிந்ததும் போய்விடுகிறவர்களுக்கு, சலுகை வாடகையில். இதில் தனிநபர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. வீடு தராவிட்டால் ஆசிரியர் வரமாட்டார். ஆனால் சந்தை தோற்ற இடத்தில் அரசால் வீடு கட்ட முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. யாருக்காகக் கட்டுவது என்பதில்தான் தகராறு. அதைத் தட்டிக்கேட்க உள்ளூரில் ஒரு மன்றமாவது இருந்ததா என்றால், ஊர் அடங்கிய சென்ட்ரல் டார்லிங் கவுன்சில் 2013 டிசம்பரில் நிதி நெருக்கடியால் இடைநிறுத்தப்பட்டு, அரசு நியமித்த நிர்வாகியின் கைக்குப் போயிற்று. 53,000 சதுர கிலோமீட்டர், சுமார் இரண்டாயிரம் ஜனம். நிலத்தின் மதிப்பில்தான் கவுன்சில் வரி. மதிப்பு இல்லாத இடத்தில் வரி ஏது, வரி இல்லாத இடத்தில் தேர்தல் ஏது என்கிற மாதிரி ஆகிவிட்டது. ஒரு பத்தாண்டு கழிந்தும் தேர்ந்தெடுத்த கவுன்சில் திரும்பவில்லை.

*

நிலத்தின் விலை இறங்கினது சரி. அப்படியானால் அந்தப் பிரதேசத்தின் செல்வமே வற்றிவிட்டதா? வற்றவில்லை, இடம் மாறியது. ஆற்றுக்குள் போனது.

முன்பெல்லாம் தண்ணீர் உரிமை நிலத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நியூ சவுத் வேல்ஸின் 2000ஆம் ஆண்டு நீர் மேலாண்மைச் சட்டமும் 2004ல் பெரும்பாலான மாநிலங்களும் மத்திய அரசும் சேர்ந்து செய்த ஒப்பந்தமும் அதைப் பிரித்தன. இனி நிலம் ஒருவருக்கு, தண்ணீர் இன்னொருவருக்கு. தண்ணீரும் பதிவேட்டில் ஏறியது. வாங்கலாம், விற்கலாம், அடமானம் வைக்கலாம், ஆற்றையே பார்க்காத கம்பெனி வைத்துக்கொள்ளலாம். வில்கானியாவில் ஒரு வீட்டின் விலை அசையாமல் கிடந்த வருஷங்களில் மேலே பருத்திப் பண்ணைகளில் தண்ணீர் உரிமம் பொன்னாக விலைபோனது. 2017ல் கீழ் டார்லிங்கின் டான்டோ பண்ணையிடமிருந்து சுமார் 22,000 மெகாலிட்டர் உரிமத்தை மத்திய அரசு வாங்கியது. விலை 7 கோடியே 80 லட்சம் டாலர்.

2015 தீர்ப்பில் பார்க்கிஞ்சிகளுக்கும் தண்ணீர் உரிமை உண்டு. குடிக்க, சமைக்க, குளிக்க, மீன் பிடிக்க. வியாபாரத்துக்கு அல்ல. ஆற்றின் பெயரையே தங்கள் பெயராக வைத்திருக்கிறவர்களுக்கு ஆற்றுச் சந்தையில் இடம் இல்லை. சரி, அந்த வீட்டு உபயோக உரிமையாவது நிலைத்ததா? ஆற்றில் தண்ணீர் இருந்தால்தானே? 2018–19ல் வில்கானியாவில் பாக்கா வற்றி, குட்டை குட்டையாகப் பச்சை பூத்துக் கிடந்தது. கீழே மெனிண்டியில் லட்சக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. 2023 மார்ச்சில் மறுபடி, அப்போது கோடிக்கணக்கில். வறட்சி என்றார்கள். வறட்சி இருந்தது, பொய்யில்லை. ஆனால் 2012ன் நீர்ப் பங்கீட்டு விதிகள் ஆற்றில் குறைந்த ஓட்டம் இருக்கும்போதே இறைக்க அனுமதித்தன என்பதும் பொய்யில்லை. புரோக்கன் ஹில்லுக்குத் தண்ணீர் வேண்டும் என்று மர்ரே ஆற்றிலிருந்து 270 கிலோமீட்டருக்குக் குழாய் பதித்தார்கள். சுமார் 50 கோடி டாலர். சுரங்க நகரத்துக்கு மாற்று வழி கிடைத்துவிட்டதால் டார்லிங்கில் தண்ணீர் விட வேண்டிய கட்டாயமும் அரசுக்குக் குறைந்துவிட்டது என்று கீழ்க்கரைக்காரர்கள் குமுறினார்கள். வில்கானியாவில் பிறந்த ஓவியர் பேட்ஜர் பேட்ஸ் பல வருஷமாக இதை லினோ அச்சுப்படங்களாகச் செதுக்கிக்கொண்டு வருகிறார். அவர் படங்களில் ஆறு தண்ணீர் அல்ல, ஒரு உடம்பு.

பாலத்திலிருந்து குதிக்கிற பாட்டைப் பாடின பையன்கள் வளர்ந்து, தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட அந்த இடத்தில் வெறும் வண்டல் இருந்த வருஷங்கள் இவை.

*

2020 மார்ச்சில், கொரோனா வந்த புதிதிலேயே, அப்பகுதியின் பூர்வகுடி மருத்துவ அமைப்பான மாரி மா மத்திய அமைச்சருக்குக் கடிதம் எழுதியது. வில்கானியாவின் வீட்டு நெரிசலில் ஒருவருக்கு வந்தால் தனிமைப்படுத்த வழியே இல்லை என்று. பதினேழு மாசம் கழித்து, 2021 ஆகஸ்டில், கிருமி ஊருக்குள் வந்தது. சில வாரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. மாநிலத்திலேயே மோசமான பரவல் வீதம். 'வீட்டிலேயே இருங்கள், தனி அறையில் இருங்கள்' என்பது அரசின் உத்தரவு. நோய் கண்டவர்களில் சிலர் மற்றவர்களுக்குத் தொற்றிவிடக் கூடாதென்று குளிர்கால இரவில் வீட்டுக்கு வெளியே கூடாரம் போட்டுப் படுத்தார்கள். அந்தப் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. ஒரு இறுதிச் சடங்குக்குக் கூடினதால்தான் பரவியது என்று ஊர்க்காரர்கள் மேலேயே பழியைப் போடுகிற பேச்சும் வந்தது. அந்தச் சடங்கு நடந்தபோது அங்கே கூடுவதற்குத் தடை ஏதும் இருக்கவில்லை.

செப்டம்பரில் மாநில அரசு முப்பது மோட்டார் வீட்டு வண்டிகளை ஓட்டிக்கொண்டு வந்தது. படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் உள்ளே உண்டு. மற்ற காலத்தில் நகரத்து ஓய்வூதியக்காரர்கள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு நாடு பார்க்கப் போகிற வண்டிகள். ஆற்றங்கரையில் சுற்றுலா வண்டிகள் தங்குகிற மைதானத்தில் அவற்றை வரிசையாக நிறுத்தி, நோய் கண்டவர்களை ஆளுக்கொரு வண்டியில் வைத்தார்கள். அங்கே போய்த் தங்கின சிலருக்கு ஒரு முழு அறை தனக்கே தனக்கு என்று கிடைத்தது. தொற்று அடங்கிய பிறகு, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர்கள் பழைய வீட்டுக்கே போனார்கள்.